செயலாளர் ஆண்டறிக்கை: ராயபுரம்

தலைவர் அவர்களுக்கும், கப்பல் வேலையில் ஓய்வு பெற்ற அண்ணன்மார்களுக்கும், சிடிசி (மாலுமிப் பதிவுப் புத்தகம்) வாங்கிக் காத்திருக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் மழைக்காலம் தவிர ஒழுங்காக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். ஏப்ரல் 5 கடல்சார் தினக் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லாம் வ.உ.சி.யிலேயே நின்றுவிட்டார்கள், நடப்புச் சட்டத்துக்கு ஒருவரும் வரவில்லை.

அந்தக் குறை நம் மனுவில் தீர்ந்தது. வெளிநாடுகளோடு பேசும் வணிக ஒப்பந்தங்களில் கடலோரக் கப்பல் போக்குவரத்தை, அதாவது நம் துறைமுகங்களுக்கு இடையே ஓடும் சரக்கை, சேர்க்கவே கூடாது என்று டில்லிக்கு எழுதினோம். "டில்லி விவகாரம் நமக்கெதற்கு?" என்று கேட்டார்கள். எண்ணூரில் இறங்கும் நிலக்கரிதான் பதில். ஹால்டியாவிலும் பாரதீப்பிலும் மின்வாரியத்துக்கு ஏற்றிவந்த தமிழக அரசின் பூம்புகார் கப்பல் கழகத்தின் 'தமிழ் அண்ணா', 'தமிழ் பெரியார்', 'தமிழ் காமராஜ்' கப்பல்களின் எஞ்சின் ரூமில் வெந்தவர்கள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அவற்றை விற்ற பிறகு வருவது வாடகைக் கப்பல்.

1958 வணிகக் கப்பல் சட்டத்தின் 407-வது பிரிவு, நம் துறைமுகங்களுக்கு இடையே சரக்கு ஏற்ற வெளிநாட்டுக் கப்பலுக்கு உரிமம் கேட்டது. 2018-ல் ஏற்றுமதி இறக்குமதி கன்டெய்னர்களுக்கும் காலி கன்டெய்னர்களுக்கும் தளர்த்தினார்கள். 2025-ல் வந்த கடலோரக் கப்பல் சட்டமும் உரிமத்தை விட்டுவிடவில்லை. அப்புறம் என்ன பயம்? சட்டம் சரியில்லை என்றால் நாடாளுமன்றமே திருத்திக்கொள்ளலாம். ஆனால் உலக வணிக அமைப்பில் எழுதிக்கொடுத்த சேவை வாக்குறுதியைத் திரும்பப் பெற, எதிர்த்தரப்போடு ஈடு பேச வேண்டும்.

ஊருக்கெல்லாம் சந்தையைத் திற என்று சொல்லும் அமெரிக்கா இதில் கெட்டி. உள்நாட்டுத் துறைமுகங்களுக்கு இடையே சரக்கு ஏற்றும் கப்பல் அங்கேயே கட்டியதாக, அமெரிக்கருக்குச் சொந்தமானதாக, அமெரிக்க மாலுமிகளோடு ஓட வேண்டும் என்பது 1920 ஜோன்ஸ் சட்டம். 1994 காட் (உலகச் சரக்கு வணிக) ஒப்பந்தத்தில் அதற்கென்றே விலக்கு வாங்கினார்கள். உலக வணிக அமைப்பின் கப்பல் சேவைப் பேச்சில் ஒன்றும் தரமாட்டோம் என்று கைவிரித்தார்கள். 1996 ஜூனில் பேச்சே நின்றது.

அந்தச் சட்டத்தால் சரக்குக் கூலி ஏறுகிறது என்று அமெரிக்க ஆட்சியில் உள்ள போர்ட்டோ ரிக்கோ தீவில் புலம்புவதையும் ஒரு உறுப்பினர் எடுத்துச் சொன்னார். அதுவும் சரிதான். ஆகவே 'இங்கேயே கட்டிய கப்பல்' என்ற நிபந்தனையைக் கேட்காமல், இந்தியக் கொடி, இந்திய மாலுமி இரண்டோடு நிறுத்திக்கொண்டோம். சிலருக்கு இதில் இன்னும் வருத்தம்.

தபாலில் ஒப்புகை அட்டை வந்தது, பதில் வரவில்லை. நினைவூட்டல் மனுவோடு இணைக்க, அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் சிடிசி நகல் கொண்டுவாருங்கள். சந்தா பாக்கி உள்ளவர்கள் டீ குடிக்கும்போதே பொருளாளரைப் பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்