போற பறவைங்களைப் பத்தி உனக்கு ஒரு லெட்டர்

பாப்பா,

நீ அனுப்புன போட்டோ பாத்தேன். மார்ச் கடைசியாகியும் ஆத்துல ஐஸ் அப்படியே கெடக்கு, அது மேல ஆளுங்க ஜாலியா நடந்து போறாங்க, கீழ நீ "இதுக்குப் பேரு வசந்தமாம்மா"னு கிண்டலா வேற எழுதியிருக்க. அங்க வசந்தப் பண்டிகை நவுரிஸ் கொண்டாடி முடிச்சாச்சு, ஒரு பறவையக் காணோம், காக்கா மட்டும்தான் சுத்துதுன்னு கேட்டிருந்தல்ல, வாட்சப்ல பதில் டைப் பண்ண ஆரம்பிச்சா போய்க்கிட்டே இருக்கு, சரி லெட்டராவே எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். உனக்கு ஏன் இன்னும் வரலன்னா, அதெல்லாம் இன்னும் எங்ககிட்டதான் இருக்கு. நீ இருக்குற பக்கம் வசந்தம்னா பறவை வர்ற சீசன், இந்தக் கடலோரத்துல பங்குனின்னா பறவை கெளம்புற சீசன். கஜகஸ்தான்ல அஸ்தானாவுல உக்காந்து எப்ப வரும்னு நீ பாக்குற, இங்க நான் எப்ப போகும்னு பாத்துட்டிருக்கேன்.

போன வாரம் அப்பாவும் நானும் கோடியக்கரை போயிட்டு வந்தோம். அப்பா வழக்கம்போல நிழலா ஒரு இடம் பாத்து வண்டியப் போட்டுட்டு சீட்டை சாச்சு தூங்கிட்டாரு, நான் பைனாகுலர எடுத்துக்கிட்டு உப்பளம் பக்கமா நடந்தேன். வாத்துங்க அனேகமா காலி, ஊசிவால் வாத்தெல்லாம் எப்பவும் முதல்ல கெளம்பிடும். உள்ளானுங்க, அதான் சேத்துல மேயுற சின்னப் பறவைங்க, மட்டும் சேத்துல அப்பிக்கிட்டு நிக்குது, தலையே தூக்காம கொத்துது. ஜனவரியில பாத்த பறவைதானான்னு சந்தேகம் வர்ற அளவுக்கு ஆள் மாறியிருக்கு. மூக்கு நுனி லேசா கீழ வளைஞ்சிருக்குமே, கர்லூ சாண்ட்பைப்பர், நீ சின்னப்புள்ளையில எல்லாம் ஒரே சாம்பல் கலரா இருக்கு போர் அடிக்குதுன்னு சொல்லுவியே அதுதான், இப்ப அதோட நெஞ்சுலயும் வயித்துலயும் திட்டுத்திட்டா செங்கல் கலர் ஏறிட்டிருக்கு, ஒண்ணு பாதி செவப்பு, பக்கத்துல ஒண்ணு கொஞ்சூண்டு, இன்னொண்ணு இன்னும் சாம்பல். ஏப்ரல் கடைசிக்குள்ள நல்லா செவந்துரும், ஆனா முழுசா செவந்ததுக்கு அப்புறம் அது இங்க நிக்கவே நிக்காது. நல்ல டிரஸ் போட்டதும் வீட்ட விட்டுக் கெளம்புற ஆளு யாருன்னு எனக்குத் தெரியும், பேர் சொல்லல.

அது திங்கிற திங்கிறதுல ஒரு கணக்கு இருக்கு. கொசு உள்ளான் சாதாரணமா ஒரு 25 கிராம் இருந்தா அதிகம், கர்லூ சாண்ட்பைப்பர் ஒரு 55 கிராம் சொச்சம். அத வச்சுக்கிட்டு சைபீரியாவோட வட ஓரம், தைமிர் தீபகற்பம் வரைக்கும் போகணும், இங்கேருந்து 7,000 கிலோமீட்டருக்கு மேல, நடுவுல இமயமலை வேற. அதனால கெளம்புறதுக்கு முன்னாடி சில வாரத்துல உடம்பு முழுக்க கொழுப்பு ஏத்திக்கும், நெஞ்சுத் தசை பெருக்கும். நீ டாக்டருக்குப் படிக்கிறவ, உனக்கு இது புடிக்கும்: மூக்கன்னு (காட்விட்) நீள மூக்குப் பறவை இருக்கே, அது மாதிரி ரொம்ப தூரம் ஒரே மூச்சுல போற பறவைங்கள்ல பாத்தா கெளம்புற நேரத்துல எரைப்பை, குடல் எல்லாம் சுருங்கிப்போயிடுதாம், பறக்குறப்ப சாப்பாடு கெடையாது அப்புறம் அந்த வெயிட்ட எதுக்குத் தூக்கிட்டுப் போகணும்னு, போய் எறங்குனதும் திரும்ப வளத்துக்குது. உங்க அனாட்டமி சார்கிட்ட கேட்டுப் பாரு, நம்ப மாட்டாரு.

கெளம்ப நேரமாச்சுன்னு அதுக்கு யாரு சொல்றாங்கன்னு நீ ஒரு தடவ கேட்ட, அப்ப எனக்கு உருப்படியா பதில் சொல்ல நேரமில்ல. உன் ஊர்ல பகல் நேரம் தாறுமாறா மாறும், ஜூன்ல 16 மணி நேரத்துக்கு மேல வெளிச்சம் இருக்கும், டிசம்பர்ல 8 மணி நேரம்கூட ஒழுங்கா தேறாது, அங்க ஒரு பறவை வெளிச்சத்த வச்சே மாசத்தக் கண்டுபுடிச்சிரும். இங்க வருசத்தோட நீள பகலுக்கும் குட்ட பகலுக்கும் ஒரு மணி நேரம் சொச்சம்தான் வித்தியாசம். அத வச்சு மட்டும் முடியாது, உடம்புக்குள்ளயே ஒரு வருசக் கடிகாரம் ஓடுது. கூண்டுல ஒரே அளவு வெளிச்சத்துல வச்சு வளத்தாலும் வலசை போற பறவை அந்த சீசன் வந்தா ராத்திரியில தூங்காம தத்தித் தத்திப் பதறுது, இறகு உதுக்குது, வெயிட் போடுது. அப்புறம் காத்து. கடலோரத்துக்காரங்க சொல்ற கணக்குதான் எனக்குப் புடிச்சது, வாடையில வரும், சோழகத்துல போகும். ஐப்பசி கார்த்திகையில வடக்கேருந்து வீசுற வாடைக்காத்து முதுகுல தள்ள வந்து சேருது, இப்ப தெக்கத்திக் காத்து எழும்புதுல்ல, அது திரும்பத் தள்ளி விடுது.

கெளம்புறதப் பாக்குறதுக்கு சாயங்காலம் நிக்கணும். எல்லாரும் காலையில போயி பாத்துட்டு வெயில் ஏறுனதும் வந்துருவாங்க, அது வேஸ்ட். வெயில் தணிஞ்ச நேரத்துல மேயுற சத்தம் மாறும், அதுவரைக்கும் தலை தூக்காம கொத்திட்டிருந்த கூட்டம் கொத்துறத நிறுத்திட்டு குளிக்கும், இறகக் கோதும், ஒண்ணுக்கொண்ணு விடாம கூப்புட்டுக்கும், திடீர்னு ஒரு இருபது முப்பது எழும்பும். சாதாரணமா இடம் மாத்துறப்ப தண்ணிய ஒட்டி தாழப் போயி அடுத்த பாத்தியில உக்காந்துரும் பாரு, அது மாதிரி இல்ல, இது சுத்திச் சுத்தி ஏறும், ஏறிக்கிட்டே இருக்கும், மேல போயி ஒரு கோடாவோ வளைஞ்சோ வரிசை கட்டும், கத்துறது மட்டும் கீழ வரைக்கும் கேக்கும். அதுல ஒண்ணு ரெண்டு மனசு மாறி வரிசையில இருந்து பிரிஞ்சு சர்ருன்னு கீழ எறங்கி திரும்ப சேத்துல வந்து நிக்கும், இன்னும் வெயிட் பத்தலையோ என்னமோ. இன்னும் பெரிய கூட்டம் எதுவும் போகல, ஏப்ரல்ல இன்னொரு தடவ போகணும், அப்பாகிட்ட இப்பவே சொல்லி வச்சிட்டேன்.

இந்த கர்லூ சாண்ட்பைப்பர் குடும்பக் கதை உனக்குத் தெரியுமா? ஆர்க்டிக்ல பொட்டை முட்டை வச்சு அடைக்கு உக்காந்ததும் ஆம்பளை வேலை முடிஞ்சதுன்னு தெக்க கெளம்பிரும், ஜூலை தொடக்கத்துலயே. அடைகாக்குறது, குஞ்சப் பாத்துக்குறது எல்லாம் அம்மாதான். இத உங்கப்பாகிட்ட சத்தமா படிச்சேன், பேப்பர்லேர்ந்து தலையத் தூக்கல. குஞ்சு தேறுனதும் அம்மாவும் கெளம்பிருது. அப்புறம் ஒரு மாசம் கழிச்சு அந்தக் குஞ்சுங்க, இந்தப் பக்கமே பாத்ததில்ல, கூட பெரியவங்க யாரும் இல்ல, தானா எழும்பி வழி புடிச்சு வந்து சேருது. 2022ல அலாஸ்காவுல இருந்து ஒரு பட்டைவால் மூக்கன் டாஸ்மேனியா வரைக்கும் 11 நாள் எங்கயும் எறங்காம 13,560 கிலோமீட்டர் பறந்துச்சுன்னு சாட்டிலைட் டேக் வச்சு கண்டுபுடிச்சாங்களே, அதுக்கு வயசு அஞ்சு மாசம். நீ ஏர்போர்ட்ல எமிக்ரேஷன் லைன் எதுன்னு எனக்கு போன் பண்ணுன, நான் ஒண்ணும் சொல்லல.

ஆனா வந்த குஞ்சுங்கள்ல நிறைய முதல் வருசம் திரும்பிப் போகாது. பெருசுங்க செவந்து கெளம்பும்போது இதுங்க சாம்பலாவே இங்கயே நின்னுரும், மே ஜூன் வெயில்லயும் உப்பளத்துல உள்ளான் பாக்கலாம், புதுசா பாக்குறவங்க அடிபட்ட பறவையோன்னு நெனைப்பாங்க, ஒண்ணும் இல்ல, அடுத்த வருசம் போயிக்கும்.

இப்ப உன் வேலைக்கு வர்றேன். அஸ்தானாவுலேர்ந்து தென்மேக்க ஒரு 130 கிலோமீட்டர்ல கோர்கல்ஜின்னு ஒரு ஏரிக்கூட்டம் இருக்கு, பக்கத்துலயே தெங்கிஸ்னு பெரிய உப்பு ஏரி, 2008ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தது. வடக்குக்குப் போற உள்ளானுங்க மே மாசம் அங்க எறங்கி திரும்ப வயித்த ரொப்பிட்டுத்தான் ஆர்க்டிக் போகும். கோடியக்கரைக்கும் உனக்கும் நேர்கோட்டுல 4,500 கிலோமீட்டருக்கு மேல, நான் பாத்த அதே பறவைதான்னு சத்தியம் பண்ண முடியாது, ஆனா அதே சாதி. இங்க நான் பாதி செவப்பப் பாக்குறேன், நீ முழு செவப்பப் பாப்ப. பேடை உள்ளானும் பாரு, இங்கிலீஷ்ல ரஃப்னு சொல்றது, இங்க இருக்குறப்ப ஒண்ணும் விசேஷமில்ல, அங்க மே மாசம் ஆம்பளைக்குக் கழுத்தச் சுத்தி பிடரி மயிரு மாதிரி இறகு வந்திரும், ஒண்ணு வெள்ள, ஒண்ணு கறுப்பு, ஒண்ணு செம்பட்டைன்னு. பூநாரை உலகத்துலயே ரொம்ப வடக்கால கூடு கட்டுற இடங்கள்ல ஒண்ணும் அந்த தெங்கிஸ்தான். நம்ம பூநாரைங்க அனேகமா அங்க போறதில்ல, குஜராத்ல கட்ச் ரண்ணுல தண்ணி நின்னா அங்க போயி குஞ்சு பொரிக்கும், அதுக்கு காலண்டர் கெடையாது, தண்ணி இருந்தா உண்டு இல்லன்னா இல்ல.

சூறைக்குருவிய விட்டுட்டேனே! இங்க சாயங்காலம் கூட்டங்கூட்டமா வந்து அடையுமே, உகா மரத்துல பழம் தின்னு சண்டை போடுற ரோஸ் கலர் மைனா, அது உன் நாட்டுக்காரிதான். கஜகஸ்தான் புல்வெளியில கல்லு இடுக்குல ஆயிரக்கணக்குல சேந்து கூடு கட்டும், வெட்டுக்கிளிய மொக்கு மொக்குன்னு மொக்கும். இங்க பழந்தின்னி, அங்க வெட்டுக்கிளித்தின்னி. மே கடைசி ஜூன்ல பாத்தா சொல்லு.

ஒண்ணு மட்டும் மனசுக்குக் கஷ்டமா இருக்கு. எண்ணிக்கை முன்ன மாதிரி இல்ல. 2018 நவம்பர்ல கஜா அடிச்சு காட்ட மொட்டையாக்குனப்பகூட அடுத்த சீசன் வந்துச்சு, புயல விட மெதுவா நடக்குறதுதான் பயமா இருக்கு, சதுப்புக்கு நல்ல தண்ணி வரத்து கொறையுது, உப்பு ஏறுது, உப்பு ஏறுனா சேத்துல இருக்குற புழுவும் பூச்சியும் மாறிப்போயிடும், அப்புறம் எத தின்னு வெயிட் போடும். 2024ல கர்லூ சாண்ட்பைப்பர, உலக அளவுல எந்த உயிரினம் அழியுதுன்னு கணக்கு வைக்கிற ஐயூசிஎன் பட்டியல்ல அழியும் ஆபத்து இருக்குற வகைக்கு ஏத்திட்டாங்க. நீ போர் அடிக்குதுன்னு சொன்ன பறவை!

கோர்கல்ஜின் போறதுக்கு பர்மிட் வேணும், முன்னாடியே விசாரிச்சு வை, தனியா போகாத, ஹாஸ்டல் பிள்ளைங்க நாலு பேரக் கூட்டிக்கோ. பறவையோட காலப் பாரு, முகத்தப் பாக்காத. வளையமோ கலர் பிளாஸ்டிக் கொடியோ மாட்டியிருந்தா எந்தக் கலர் மேல எந்தக் கலர் கீழன்னு எழுதிக்கோ, எந்தக் காலுன்னும் எழுது, அத வச்சுத்தான் எந்த ஊர்ல மாட்டுனதுன்னு தெரியும். பாம்பே நேச்சுரல் ஹிஸ்டரி சொசைட்டி பல வருசமா கோடியக்கரையில வளையம் மாட்டுது, இந்தியாவுல மாட்டுன வாத்துங்க கஜகஸ்தான்ல கெடைச்சிருக்கு, அதனால உனக்கும் கெடைக்காதுன்னு இல்ல. போட்டோ எடுத்தா ஜூம் பண்ணி எடு, சும்மா வானத்த எடுத்து அனுப்பாத. பழைய பைனாகுலர் உன் பெட்டியிலதான் வச்சேன், ஸ்வெட்டருக்கு அடியில இருக்கும், லென்ஸத் தொடைக்க துப்பட்டா யூஸ் பண்ணாத.

அம்மா