மூன்று மேசைகள், ஒரு மனிதர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் உங்கள் நாளிதழின் மரண அறிவிப்புப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் வந்திருந்தது. பாஸ்போர்ட் படம், நான்கு வரி, 'ஓய்வுபெற்ற ஆசிரியர்'. குடும்பத்தார் கொடுத்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்தக் கடிதத்திலும் அப்பாவின் பெயர் வேண்டாம் என்று மகள் கேட்டுக்கொண்டார். தெரிந்தவர்களுக்கு அடுத்த பத்தியிலேயே ஆள் பிடிபட்டுவிடும்.

சிங்கப்பூரின் ஈசூனில் அவருடைய அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில்தான் உடலை வைத்திருந்தார்கள். நான் போனபோது மூன்று மேசைகளில் மூன்று கூட்டம். ஒரு மேசையில் அவர் 'சார்'. தொடக்கக்கல்லூரியில் அவரிடம் கணிதம் படித்தவர்கள். இன்னொன்றில் 'கோச்'. மூன்றாவதில் தலை நரைத்த நாடகக்காரர்கள், அவர்களுக்கு 'வாத்தியார்'. "என்ன, நாடகத்தில் வேறு நடித்தாரா?" என்று ஓட்டக்காரர் ஒருவர் என்னைக் கேட்டார். நாடக மேசைக்கோ அவர் விசில் ஊதிய கதையே தெரியாது. மூன்று மேசையிலும் உட்கார்ந்து எழுந்தவள் நான் ஒருத்திதான்.

செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளமாக இருந்த நேவல் பேஸின் தொழிலாளி ஒருவரின் மகன் அவர். உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியில் தமிழிலேயே படித்து, பிறகு இரவெல்லாம் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டி மேலே வந்தவர். வகுப்பில் ஆங்கிலத்தில்தான் பாடம் எடுப்பார். எண்களைக் கூட்டும்போது மட்டும் உதடு தமிழில் அசையும். முன்வரிசையில் இருந்த எங்களுக்கு அது தெரியும்.

தசம எண்ணுக்கு அவருடைய நிரந்தர உதாரணம் 10.38. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் நம் சிங்கப்பூர் ஓட்டக்காரர் சி. குணாளன் 100 மீட்டர் ஓடிய நேரம், விநாடிகளில். 2001இல் யு.கே. ஷியாம் 10.37இல் ஓடி அதை முறியடித்தபோது சாருக்குத் தொலைபேசியில் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை, கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். "முப்பத்து மூன்று வருஷத்துக்கு அரைச்சாண் தூரம்மா" என்றார். நானும் போட்டுப் பார்த்தேன், சரிதான்.

அஞ்சலோட்டத்தில் நான் மூன்றாவது ஆள். ஃபேரர் பார்க் திடலில் பயிற்சி. அந்தக் காலத்தில் பேட்டன் என்கிற கோலைக் கைமாற்ற 20 மீட்டர், அதற்கு முன்னால் வேகமெடுக்க 10 மீட்டர். நமக்குப் பின்னால் அடியை அடியோடு ஒட்டி வைத்து எண்ணி, தரையில் ஒரு குறி போட்டுக்கொள்ள வேண்டும். வருகிறவள் குறியைத் தொட்டதும் கிளம்பிவிட வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. "கை!" என்று சத்தம் கேட்டால் கையைப் பின்னால் நீட்டு, அவ்வளவுதான். நான் திரும்பிப் பார்ப்பேன். பள்ளிகளுக்கிடையிலான போட்டியிலும் பார்த்தேன், பேட்டன் விழுந்தது. அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. தேக்காவில் ஆளுக்கொரு கோப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு பஸ் ஏற்றிவிட்டார்.

அவர் திட்டாததைச் சொன்னதால் சாந்தமானவர் என்று நினைத்துவிட வேண்டாம். கோபக்காரர். சுண்ணக்கட்டி பறக்கும். ஒத்திகைக்கு ஐந்து நிமிடம் பிந்தி வந்தவரை வாசலோடு அனுப்பிவிட்டு, மறுநாள் தாமே முக்கால் மணி நேரம் பிந்தி வருவார்.

1986இல் அவர் எழுதி இயக்கிய நாடகம் ஃபோர்ட் கெனிங் குன்றில் இருந்த பழைய நாடக மையத்தில் நடந்தது. 1971இல் பிரிட்டிஷ் படை கிளம்பியபோது வேலை போன ஒரு நேவல் பேஸ் குடும்பம், இந்தியாவுக்குப் போகும் ரஜூலா கப்பலேறி ஊருக்குப் போவதா, இங்கேயே இருப்பதா என்று ஒரே இரவில் முடிவெடுக்கும் கதை. நான் மூத்த மகள். பெண் பிள்ளை மேடையேறுவதா என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார். சார் வீட்டுக்கு வந்து, முறுக்கைக் கடித்துக்கொண்டே அப்பாவிடம் பேசி அனுமதி வாங்கினார். ஈசூனுக்கு எம்ஆர்டி ரயில் வராத காலம், ஒத்திகை முடிந்ததும் தினமும் எங்கள் புளோக் வரை கூடவே பஸ்ஸில் வந்துவிட்டுப் போவார்.

ஒத்திகையில் என் வசனம் எப்போதும் ஒரு கணம் பிந்தியே வரும். எதிரே நிற்பவர் முழுதாகப் பேசி முடித்த பிறகுதான் நான் மூச்சை இழுப்பேன். ஒருநாள் சார் மேடையில் ஏறி, எதிரே நிற்பவருடைய கடைசி வரியின் நான்காவது சொல்லைத் தாளில் நகத்தால் கீறிக் காட்டினார். "இதுதான் உன் குறி. இங்கேயே கிளம்பிடு." அன்றிலிருந்து மேடையிலும் சரி, திடலிலும் சரி, நான் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டுப் போட்டியில் பதக்கம் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை, நான்காவதாக வந்தோம். பேட்டன் மட்டும் விழவில்லை.

அவர் எழுதியது எதையும் பத்திரப்படுத்தியவரில்லை. தேர்வுத்தாளின் பின்பக்கத்தில் எழுதுவார், நாங்கள் சைக்ளோஸ்டைல் எடுப்போம், நாடகம் முடிந்ததும் தாள் எங்கோ போய்விடும். இப்போது சிங்கப்பூர்த் தமிழ் நாடகங்களைத் தேடியெடுத்து மின்மயமாக்கி தேசிய நூலகத்தில் வைத்திருக்கிறார்கள். நாங்கள் யாரும் கொண்டுபோய்க் கொடுக்காதபோது இவருடையது மட்டும் எப்படி அங்கே இருக்கும்?

என்னிடம் இருப்பது 1 முதல் 22 வரையான பக்கங்கள். கரையான் கொஞ்சம் தின்றதுபோக மிச்சம். கடைசிக் காட்சியை மேடையேறும் அன்று மாலையில்தான் மாற்றி எழுதினார். "நீங்க ஏறுங்க அப்பா, நான் வரலை" என்ற என் வரி நினைவிருக்கிறது. அதற்கு அப்பா ஒரு பதில் சொல்வார், அரங்கமே அமைதியாகிவிடும். அந்தப் பதில்தான் நினைவில் இல்லை. மூன்றாவது மேசையில் கேட்டேன், ஆளுக்கொன்று சொன்னார்கள்.

அந்த மாலை எழுதிய தாள் உங்கள் வாசகர் யார் வீட்டு அலமாரியிலாவது கிடந்தால், நாளிதழ் அலுவலகத்தில் கொடுத்துவைத்தால் போதும். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஈசூன்