டைப் 1 சுகர் குழந்தைங்களுக்காக ஓடுனேன்

ஆசிரியர் சாருக்கு வணக்கம். ஜனவரில சென்னை மாரத்தான்ல 42.195 கிலோமீட்டர் ஓடுனேன், பனியன் முதுகுல "டைப் 1 சுகர் ஸ்வீட் தின்னு வர்றதில்ல"ன்னு எழுதியிருந்தேன், ஏன்னா என் பொண்ணுக்கு ஏழு வயசுல வந்தப்போ சாக்லேட் குடுத்துக் கெடுத்துட்டீங்கன்னுதான் சொந்தக்காரங்களே சொன்னாங்க. உண்மையில உடம்போட எதிர்ப்பு சக்தியே கணையத்துல இன்சுலின் சுரக்கிற செல்லை அழிச்சிடுது, அதனால தினம் நாலு இன்சுலின் ஊசி, சுகர் பாக்க விரல் நுனியெல்லாம் குத்துன புள்ளி. ஊசியை பாத்ரூம்ல போய் போட்டுக்கோன்னு ஸ்கூல்ல சொன்னாங்க சார், அதான் மனசு தாங்கல. 30வது கிலோமீட்டர்ல கால் பிடிச்சுக்கிச்சு, தண்ணி குடுத்த ஒரு அம்மா முதுகைப் படிச்சிட்டு எங்க பேரனுக்கும் இதேதான் தம்பின்னு கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஸ்கூலுக்கு ஸ்கூல் ஊசி போட சுத்தமான இடம், இன்சுலினுக்கு ஃப்ரிட்ஜ், சுகர் இறங்கி கை நடுங்குனா உடனே குடுக்க குளுக்கோஸ், இதுக்கு கல்வித்துறை உத்தரவு போடணும் சார்.

- ஒரு அப்பா, வேளச்சேரி