மாவிலைத் தோரணத்தில் ஏழாம் வாய்ப்பாடு

ஆசிரியருக்கு, வணக்கம். தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகளில், பிள்ளைகள் அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்க 2022 முதல் நடக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். வாய்ப்பாட்டை ஒப்பிக்கும் முன், பிள்ளைகள் அதைக் கையால் செய்து பார்க்க வேண்டும். ஒரு பொங்கலுக்கு என் வகுப்பில் மாவிலைத் தோரணம் கட்டினோம்; கயிற்றுக்கு 7 இலை, மொத்தம் 6 கயிறு. ஒன்றொன்றாக எண்ணிவந்த சிறுமி, நான்காவது கயிற்றில் எண்ணுவதை விட்டுவிட்டு “28 டீச்சர்” என்றாள். அப்புறம் கயிறுகளை அருகருகே தொங்கவிட்டதும், குறுக்கே 6 இலை வீதம் 7 வரிசை, அதே 42 என்று அவர்களே கண்டுகொண்டார்கள். பலகையில் எத்தனை முறை எழுதியும் பதியாதது அது.

மா விளையும் கிருஷ்ணகிரியில் இலைக்கா பஞ்சம்? வட்டார ஆசிரியர் பயிற்சியில், பருவத்துக்கு ஒரு கைவேலையை ஆசிரியர்களே செய்து பார்க்க அரை நாள் ஒதுக்கலாம்.

– ஓய்வுபெற்ற ஆசிரியை, காவேரிப்பட்டணம்