பூசுவதற்கு முன் அளந்து பாருங்கள்: துறைமுகப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறியியல் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். இறங்குதுறையின் அடிப்புறத்தில் கான்கிரீட் மறுபடியும் பெயர்ந்து விழுந்திருக்கிறது. போன முறை பூசிய இடம் அப்படியே இருக்க, அதை ஒட்டி, ‘நன்றாகத்தான் இருக்கிறது’ என்று விட்ட இடம் விழுந்திருக்கிறது. பின்னணி தங்களுக்குத் தெரியும். ஆகவே நேராகக் கோரிக்கைக்கு வருகிறோம். அடுத்த டெண்டர் விடுமுன், கடல் உப்பு கான்கிரீட்டுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று அளந்து, அந்த அறிக்கையை எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள்.

ஒட்டின், அதாவது பெயர்ந்த இடத்தில் புதிதாகப் பூசிய பகுதியின், ஓரம் விழுவதற்குக் காரணம் உண்டு. கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்கும் இரும்புக் கம்பி, தான் கரைந்துகொண்டே பக்கத்துக் கம்பியைக் காக்கிறது. அந்த இடத்தைச் சுத்தம் செய்து உப்பில்லாத புதுக் கலவை வைத்ததும் அந்தக் காவல் போய்விடும். பழைய கான்கிரீட்டில் உப்பு ஏற்கெனவே ஊறியிருப்பதால் துரு அங்கே இடம் மாறும். இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் துருவுக்கு வேண்டும். மேலிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளிவிடும். ஒட்டின் ஓரத்தில் துத்தநாக அனோடு (கம்பிக்குப் பதில் தான் கரையும் துத்தநாகத் துண்டு) கட்டுவது இதைத் தடுக்கத்தான். போன முறை கட்டியதாக எந்தப் பதிவும் எங்களுக்குக் காட்டப்படவில்லை.

விழுந்த துண்டைத் திருப்பிப் பார்த்தால் கம்பியின் தடம் பழுப்பாகப் பதிந்திருக்கிறது. கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் தடிமன், அதாவது கவர், 20 மி.மீ. கூட இல்லை; அலை தெறிக்கும் இடத்தில் 50 முதல் 75 மி.மீ. வேண்டும். பக்கத்து ஒட்டிலோ கம்பியின் முன்பக்கத்தை மட்டும் கொத்திப் பூசியிருக்கிறார்கள். பின்பக்கமும் குறைந்தது 20 மி.மீ. கொத்தி, கம்பியைச் சுற்றி விரல் போகும்படி செய்ய வேண்டும். மணல் பீச்சித் துருவை முழுக்க எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்டிய பிறகே கலவை. அடிப்புறத்து பீம் ஓதம் வற்றிய சில மணி நேரம்தான் கைக்கு எட்டும். அலசிய கம்பிமேல் அடுத்த ஓதம் ஏறினால் மறுபடி உப்புதான். ஆளும் கலவையும் பலகையும் முன்கூட்டியே தயாராக இருந்தால் மட்டுமே அலசுவதையும் பூசுவதையும் ஒரே வற்றில் முடிக்க முடியும்.

இதற்கிடையே துறையின் கடைசிப் பகுதி மூடிக் கிடக்கிறது. மிச்சமுள்ள இடத்தில் படகுகள் மூன்று வரிசையாக அணைகின்றன. வெளிவரிசைப் படகின் சுமை, ஆடும் இரண்டு படகுகளைத் தாண்டி, தோள்மேல் வர வேண்டும். வற்று நேரத்தில் மேல்தளம் தலைக்கு மேலே போய்விடும். ஏணியின் கீழ்ப்படிகள் துருவில் உதிர்ந்துவிட்டதால், ஃபெண்டர் (படகு துறையில் மோதாமல் தாங்கும் தடுப்பு) சங்கிலியில் கால் வைத்து, ஒரு கையால் சுமையைப் பிடித்தபடி ஏறுகிறார்கள். படகு ஒருமுறை உள்ளே தள்ளினால் அந்தக் கால் படகுக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் மாட்டும். ஒவ்வொரு நாளும் இப்படித்தான் நடக்கிறது ஐயா.

கட்டத் தெரியாததால் வந்த நிலை அல்ல இது. மெக்சிகோவின் புரொக்ரெசோவில் 1941-இல் கட்டி முடித்த துறைக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டார்கள். அது இன்றும் நிற்கிறது. அதன் அருகே பல ஆண்டுகள் கழித்துச் சாதாரணக் கம்பியில் கட்டியது சிதைந்து போனது. எங்கும் திறப்பு விழாவுக்குப் பணம் கிடைக்கிறது, பராமரிப்புக்கு மட்டும் கிடைப்பதில்லை. கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள்.

கேட்பது பெரிய வேலை அல்ல. ஒவ்வொரு பீமிலும் துளையிட்டு, ஒவ்வொரு 25 மி.மீ. ஆழத்துக்கும் தனித்தனியாகத் துளைப்பொடி எடுங்கள். கம்பி இருக்கும் ஆழத்தில் குளோரைடு (துருவைத் தூண்டும் உப்புக்கூறு), சிமெண்ட் எடையில் 0.4 சதவீதத்தை நெருங்கினால் அங்கே ஆபத்து. கூடவே செப்பு-செப்பு சல்பேட் மின்முனையால் அரை மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து கம்பியின் மின்னழுத்தம் பார்த்து, வரைபடத்தில் குறியுங்கள். மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போனால் அங்கே துரு ஓடிக்கொண்டிருக்க 90 சதவீதத்துக்கும் மேல் வாய்ப்பு உண்டு, மேலே விரிசலே தெரியாவிட்டாலும். எப்போதும் நீரில் மூழ்கிய பகுதியில் இந்த அளவு ஏமாற்றும். அதை மட்டும் கவனத்தில் கொள்ள வேண்டும்.

இந்த வரைபடம் கையில் இல்லாமல் இன்னொரு மூட்டை சிமெண்டைக்கூடப் பூச வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். அதுவரை, புது ஏணி ஒன்றையாவது இந்த வாரமே மாட்டித் தாருங்கள்.

இப்படிக்கு,
துறையைப் பயன்படுத்துவோர்