ஏணியை எடுத்துவிட்டுக் கிளையை வரையுங்கள்

தமிழில் உயிரியல் பாடநூல்களும் துணைநூல்களும் எழுதும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். என் மகள் கொண்டுவந்த துணைநூல் ஒன்றில் மீன், தவளை, பல்லி, குரங்கு, மனிதன் என்று ஐந்து படங்கள் ஏணிப்படிபோல் ஏறிப் போயின. "அப்படியானால் மீனெல்லாம் ஏன் இன்னும் மீனாகவே இருக்கிறது?" என்று கேட்டாள். அந்தப் படத்தைப் பார்க்கும் எந்தப் பிள்ளையும் இதைத்தான் கேட்கும்.

அப்போது நான் கட்லா மீன் அரிந்துகொண்டிருந்தேன். வயிற்றைக் கீறியதும், முதுகெலும்பை ஒட்டி, நடுவில் இடுங்கிய வெள்ளைக் காற்றுப்பை வெளியே வந்தது. அதை அவள் உள்ளங்கையில் வைத்தேன். இதுவும் உன் நெஞ்சிலிருக்கும் நுரையீரலும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்றேன். காற்றுப்பைதான் நுரையீரலாக மாறியது என்று டார்வின் எண்ணினார்; நடந்தது நேர்மாறு, நுரையீரல்தான் மூத்தது. கட்லாவின் கூட்டத்திலிருந்து மிகப் பழங்காலத்திலேயே பிரிந்துபோன பிச்சிர் மீன், ஆப்பிரிக்க ஆறுகளில் இன்றும் நுரையீரலால் மூச்சுவிடுகிறது.

எலும்பு மீன்கள் 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இரண்டு கிளைகளாகிவிட்டன. மத்தி, விலாங்கு, கட்லா எல்லாம் கதிர்த்துடுப்புக் கிளை. மத்தியின் துடுப்பை விரித்துப் பாருங்கள், விசிறிக் காம்புகள்போல் மெல்லிய கதிர்கள்தான் தெரியும். இன்னொன்று சதைத்துடுப்புக் கிளை. அதில் துடுப்பின் அடியில் ஒற்றை எலும்பு தோளோடு மூட்டுப் போட்டிருக்கும், நம் மேற்கை எலும்பைப்போல. சீலகாந்து என்ற ஆழ்கடல் மீனும் நுரையீரல் மீனும் நாமும் அந்தக் கிளையில்தான் இருக்கிறோம்.

சீலகாந்தைப் பற்றி எழுதும்போது 'உயிருள்ள புதைபடிவம்' என்ற பட்டத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். 1938 டிசம்பரில், தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில் இழுவலைப் படகொன்றின் மீன்குவியலுக்குள் அவ்வூர் அருங்காட்சியகக் காப்பாளர் மார்ஜோரி கோர்ட்னி-லாட்டிமர் அந்த நீல மீனைக் கண்டெடுத்தார். டைனோசர்களோடு அழிந்துபோனதாகக் கருதப்பட்ட வம்சம் அது. உலகம் வியந்ததில் வியப்பில்லை. ஆனால் அது பழைய சீலகாந்துகளின் நகல் அல்ல, பேரினமே வேறு. நம் நேர்ப் பாட்டனும் அல்ல. 2013இல் அதன் மரபணுத்தொகுதியை ஆராய்ந்தவர்கள், தவளை, பல்லி, பசு, மனிதன் முதலான நான்கு கால் உயிர்களின் வம்சத்துக்குச் சீலகாந்தைவிட நுரையீரல் மீனே நெருங்கிய பங்காளி என்று காட்டினார்கள். உறவென்று பார்த்தால் நுரையீரல் மீனுக்கு மத்தியைவிடப் பசுமாடு நெருக்கம்! இந்த ஒரு வரியைச் சொன்னதும் என் மகள் ஏணிப்படத்தின்மேல் பென்சிலால் கிளைகள் போட ஆரம்பித்துவிட்டாள்.

அடுத்த பதிப்பில் அந்த ஐந்து படங்களை எடுத்துவிடுங்கள். ஒரு மரம் வரைந்து, மத்தியை ஒரு கிளையிலும், சீலகாந்தையும் நுரையீரல் மீனையும் பசுவையும் பிள்ளையையும் மற்றக் கிளையிலும் வையுங்கள்.

அன்புடன்,
ஒரு மாணவியின் தாய்