பனையேறிக் கெண்டையும் திரைப் பிராணியும்

மயிலாடுதுறை,
ஐப்பசி 12

அன்புள்ள ராமநாதனுக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. சம்பா நடவு முடிந்த கையோடு மழை பிடித்துக்கொண்டதால் வீட்டில்தான் இருக்கிறேன். முழங்கால் வலி பழையபடியே. ஓய்வு பெற்ற பிறகு பொழுதை எப்படிக் கழிக்கிறாய் என்று கேட்டிருந்தாய். சிரிக்காமல் படி: கணினித் திரையில் ஒரு குச்சிப் பிராணி நடக்கக் கற்றுக்கொள்வதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தீபாவளி விடுமுறைக்கு வந்த பேரன் காட்டிக்கொடுத்த சிமுலேஷன் அது. மூட்டுகளைப் புள்ளியாக வைத்து, எலும்புகளைக் கோடாக இழுத்து, இரண்டு எலும்புகளுக்கு நடுவே தசையைக் கட்டிவிட்டால் உடம்பு தயார். எந்தத் தசை எப்போது சுருங்க வேண்டும் என்பதை ஒரு சிறிய நியூரல் நெட்வொர்க், அதாவது எண்களால் ஆன ஒரு குட்டி மூளை, முடிவு செய்கிறது. தரையிலிருந்து எவ்வளவு உயரம், என்ன வேகம், எத்தனை மூட்டுகள் தரையைத் தொடுகின்றன என்பவைதாம் அதற்குத் தெரிந்த உலகம். முதல் தலைமுறையில் அந்த மூளையில் இருப்பதெல்லாம் கண்மூடித்தனமான எண்கள் என்பதால், இருபது பிராணிகளும் வலிப்பு வந்தவை போலத் துடிக்கின்றன. பத்து விநாடியில் அதிக தூரம் போனவற்றின் எண்களைக் கலந்து, அங்கங்கே சடுதிமாற்றம், அதாவது தற்செயலான சிறு மாறுதல், சேர்த்து, அடுத்த தலைமுறை பிறக்கிறது. முப்பது வருஷம் கரும்பலகையில் இயற்கைத் தேர்வை வரைந்து காட்டியவன் நான்; ஆனால் அதைக் கண்ணெதிரே பார்த்தது இதுவே முதல் முறை.

நான் முதலில் வரைந்தது ஒட்டகச்சிவிங்கி போன்ற நெட்டை உடம்பு. பதினைந்தாம் தலைமுறைக்குள் அது கண்டுபிடித்த வித்தை என்ன தெரியுமா? நடக்கவே இல்லை. நிமிர்ந்து நின்று, முன்பக்கமாகச் சாய்ந்து, தன் முழு நீளத்துக்கும் தடாலென்று விழுந்தது. விழுந்த தூரம் மதிப்பெண்ணாகிவிட்டது. பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கோ அது ஏமாற்று வேலையாகத் தோன்றவில்லை. நான் "நட" என்று சொல்லவே இல்லையே, "தூரம் போ" என்றுதானே சொன்னேன். உன் அப்பா நெல்லில் மூட்டைக் கணக்கை மட்டும் பார்த்துக் குட்டை ரகத்துக்கு மாறிய வருஷம், மாட்டுக்கு வைக்கோல் போதவில்லை என்று உன் அம்மா புலம்பியது நினைவுக்கு வந்தது.

பிறகு தேடிப் படித்தபோது, இதே தொல்லையை 1994இலேயே கார்ல் சிம்ஸ் என்ற கணினி ஆய்வாளர் சந்தித்திருப்பது தெரிந்தது. அவர் மூளையை மட்டுமல்ல, பெட்டி பெட்டியான உடம்பையும் சேர்த்தே பரிணமிக்க விட்டவர். விழுந்தே வேகம் காட்டும் பிராணிகளைத் தடுக்க, முதலில் தரையில் உராய்வே இல்லாமல், தசைகளும் இயங்காமல் விட்டு, உடம்பு சரிந்து படிந்து நிற்கும்வரை காத்திருந்து, அதற்குப் பிறகே போட்டியைத் தொடங்கியிருக்கிறார். முந்நூறு பிராணிகளை நூறு தலைமுறைக்கு ஓட்ட, 32 செயலிகள் கொண்ட கனெக்‌ஷன் மெஷின் என்னும் பெருங்கணினிக்கே சுமார் மூன்று மணி நேரம் பிடித்ததாம். உடம்பை நாமே வரைந்து கொடுக்கும் எங்கள் விளையாட்டு அதற்கு முன் அரைகுறைதான் என்பது என் கட்சி. பேரன் ஒப்புக்கொள்ள மாட்டான், அவனுக்கு வரைவதில்தான் ருசி.

அடுத்து நான்கு கால் பிராணி ஒன்றை வளர்த்தோம். அது பின்கால்களை மடக்கி, வயிற்றைத் தரையில் இழுத்துக்கொண்டே போனது, அதோடு நின்றுவிட்டது. எழுந்து நடந்தால் இன்னும் வேகமாகப் போகலாம், ஆனால் எழப் பழகும் தலைமுறைகள் தடுமாறித் தோற்றுப்போகின்றன, ஆகவே தேர்வில் கழிந்துவிடுகின்றன. வயல் பள்ளத்தில் தேங்கிய தண்ணீர், இரண்டடி தள்ளி வாய்க்கால் இருந்தாலும், வரப்பேறிப் போகாதல்லவா? சடுதிமாற்ற அளவைக் கூட்டிப் பார்த்தோம், பெரிதாகப் பலனில்லை. தரையை மேடுபள்ளமாக்கியபோதுதான் வேறு கதை நடந்தது. சமதரையில் வளர்ந்த பிராணி முதல் மேட்டிலேயே மூக்கு முட்டி நின்றது. புதிதாக மேட்டுத் தரையிலேயே வளர்த்தது, நாற்பது தலைமுறைக்குள் காலைத் தூக்கி வைக்கப் பழகிக்கொண்டது. இழுத்துக்கொண்டு போவது அங்கே எடுபடவில்லை.

இதையெல்லாம் பார்க்கையில் எனக்கு நினைவு வந்தது பனையேறிக் கெண்டை. ஐப்பசி மழையில் குட்டையைவிட்டு வரப்பேறி வரும். செவுள்மூடியின் முட்களைச் சேற்றில் ஊன்றி, வாலால் உந்தி, பக்கவாட்டில் புரண்டு புரண்டு நகரும். நம் தரங்கம்பாடியில்தான், 1791இல், டால்டார்ஃப் என்ற டேனிஷ் லெப்டினன்ட் நீர்மட்டத்துக்கு ஐந்தடி மேலே ஒரு பனைமரப் பட்டைப் பிளவில் அந்த மீனைப் பிடித்ததாக எழுதினார். 1797இல் லண்டனில் அது அச்சேறியது. பறவை கொத்திக்கொண்டு போய் மரத்தில் வைத்ததாக இருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். மரமேறுகிறதோ இல்லையோ, வரப்பேறுவதை நீயும் நானும் பார்த்திருக்கிறோம். அதற்கு யாரும் பத்து விநாடி வைத்துத் தூரம் அளக்கவில்லை. அடுத்த குட்டைக்கு உயிரோடு போய்ச் சேர்ந்தால் போதும்.

சென்ற வாரம் அந்தக் கெண்டையையே வரைந்து பார்த்தோம்: நடுவில் ஒரு தண்டு, முன்னே இரண்டு சிறு முட்கள், பின்னே வால். எழுபதாம் தலைமுறையில் துள்ளத் தொடங்கியிருந்தது. அன்றிரவு மின்சாரம் போய்விட்டது, சேமித்து வைக்கவில்லை. மறுநாள் பேரன் முதலிலிருந்து தொடங்கினான், நானும் பேசாமல் உட்கார்ந்துகொண்டேன்.

உன்னிடம் ஒரு கேள்வி, நீ பௌதிகக்காரன் என்பதால். அந்தத் திரைத் தரைக்கு ஒரே உராய்வு எண்தான். எங்கே மிதித்தாலும் ஒரே பிடிப்பு. நம் வயல் சேறோ, கால் வைக்கும்போது வழுக்கும், எடுக்கும்போது விடாமல் பிடிக்கும். அதைக் கணக்காக எழுத முடியுமா? எளிதாகப் புரியும்படி எழுதி அனுப்பு. பேரன் ஊருக்குப் போவதற்குள் வந்தால் அவனையே செய்துபார்க்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
சுந்தரம்